திறந்த பேரேடும் திறவாத வாயும்

(ஒரு பழைய மாணவர்)

கணக்கை மறைப்பவனே கள்வன் என்பது உலகோர் துணிபு. கணக்கைத் திறந்து காட்டியவனையும் உலகம் கள்வன் என்று ஐயுறுவதுண்டு என்பதை யாம் இக்கல்லூரி விடுதியிலேயே முதன்முறை கண்டோம். பிற்காலத்தில், எம் தொழிலிலே, எம் கையாற் செய்த பிழையொன்றினால் அதனை மறுமுறையும் கண்டோம். அவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்குமிடத்து எமக்குத் தோன்றியவற்றை, இம்மலரின் ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஈண்டு எழுதத் துணிந்தோம். இது பெரிதும் கணினித் தொழிலைப் பற்றிய கட்டுரையாயினும், அத்தொழில் அறியாதாரும் படித்து உணருமாறு எழுத முயன்றிருக்கின்றோம். குறை காணின் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

யாம் விடுதியில் வாழ்ந்த காலத்தில், உணவுச்சாலையின் மாதக் கணக்கு மாணவர் செயலாளர் ஒருவரால் எழுதப்பெற்று, வாயிலிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெறுவது வழக்கம். அரிசி இத்தனை மூட்டை, பருப்பு இத்தனை கிலோ, எண்ணெய், காய்கறி, பால், எரிவாயு, சமையற்காரர் சம்பளம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். மொத்தச் செலவை உண்டோர் தலைக்கு வகுத்து வரும் தொகையே அவரவர் கட்டவேண்டிய பணம். ஒரு மாதம் அரிசிக்கென்று வழக்கத்தினும் ஏறக்குறைய இருமடங்கு தொகை எழுதப்பட்டிருந்தது. அன்று மாலையே பலகையின் முன் கூட்டம் கூடிற்று. செயலாளரை எதிரில் நின்று வினவியோர் சிலர். பின்னால் நின்று பழித்தோர் பலர். அவரோ, "கணக்குப் பலகையில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாராயினார். நேர்மையுள்ளோர்க்கு இயல்பாக வரும் ஒரு சினம் அவர் வாயை அடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் இரவு விடுதிக் காப்பாளர் அவரை உணவு வேளையில் எழுந்து பேசுமாறு பணித்தார். அரிசி விலை ஏறப்போகின்றது என்று கடைக்காரர் எச்சரித்தமையால், இரண்டு மாதத்திற்குரிய அரிசியை ஒருங்கே வாங்கிச் சரக்கறையில் அடுக்கியிருப்பதாகவும், அடுத்த மாதக் கணக்கில் அரிசிக்கென்று ஒரு காசும் வாராதென்றும் அவர் கூறினார். சரக்கறைச் சாவியை மேசைமீது வைத்து, வேண்டுவோர் சென்று மூட்டைகளை எண்ணலாம் என்றார். இருவர் சென்று எண்ணி வந்தனர். ஆரவாரம் அன்றே ஓய்ந்தது. ஆயினும் மறுமாதமே அவர் அப்பதவியை விட்டு விலகினார். மூன்று நாள் கேட்ட பழிச்சொல், நான்காம் நாட் பாராட்டினால் அழியவில்லை போலும். பலகையில் இருந்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை. "ஏன்" என்னும் கேள்விக்குரிய விடை மட்டும் அதில் எங்கும் இல்லை. அக்காலத்தில் யாம் இதனை ஒரு விடுதிச் சச்சரவாக மட்டுமே கண்டு மறந்துவிட்டோம்.

நிற்க. கல்லூரியை விட்ட சில ஆண்டுகளுக்குப் பின் யாம் ஒரு பிளாக்செயின் திட்டத்தில் பணி ஏற்றோம். பிளாக்செயின் என்பது யாது எனச் சிலர் வினவக்கூடும். சுருங்கச் சொல்லின், அது பலர் கையில் ஒரே வேளையில் இருக்கும் ஒரு பேரேடு. வியாபாரியின் பேரேடு அவன் கல்லாப்பெட்டியருகே இருக்கும். வங்கியின் பேரேடு வங்கியார் கணினியில் இருக்கும். அவற்றைப் பிறர் பார்த்தல் இயலாது. பிளாக்செயினிலோ ஒரே பேரேட்டின் பிரதிகள் பல நாடுகளிலுள்ள கணினிகளில் இருக்கின்றன. இன்ன முகவரியிலிருந்து இன்ன முகவரிக்கு இத்தனை நாணயம் சென்றது என்னும் பதிவுகள் கட்டுக் கட்டாகத் தொகுக்கப்பெறும். ஒவ்வொரு கட்டிலும் அதற்கு முந்திய கட்டின் கைரேகை போன்றதோர் எண் அடையாளம் பொறிக்கப்படும். ஆதலின் பழைய பதிவொன்றில் ஓரெழுத்தை மாற்ற விரும்புவோன், அதன்பின் வந்த கட்டுக்கள் அனைத்தையும் மாற்றவேண்டும். பிரதி வைத்திருப்போர் அதனை உடனே கண்டுகொள்வர். சதோஷி நாகமோட்டோ என்னும் பெயரால் எழுதியவர் 2008 அக்டோபர் 31-இல் இம்முறையை விளக்கி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ஆம் நாளிட்ட முதற்கட்டோடு பிட்காயின் பேரேடு தொடங்கிற்று. ஏறக்குறையப் பத்து நிமிஷத்திற்கு ஒரு கட்டாக அது வளர்ந்து வருகின்றது. அவ்வேட்டை நடத்தும் நிரலும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது.

இத்துணை வெளிப்படையான கணக்கு முறை வேறு யாதுளது என்று இத்தொழிலில் உள்ளோர் பெருமிதம் கொள்வர். உறுப்பினர் எவரேனும் ஐயம் எழுப்பினால், "ஏடு திறந்திருக்கின்றது, பார்த்துக்கொள்க" என்பதே பலர் கூறும் விடை. யாமும் அங்ஙனம் பன்முறை கூறியதுண்டு. ஆயின் அவ்வேட்டில் எழுதப்படுவன எண்களும் முகவரிகளும் மட்டுமே. முகவரி என்பதும் ஊரும் பேரும் அன்று. எழுத்தும் எண்ணும் விரவிய ஒரு நீண்ட வரி. பொருள் இடம் பெயர்ந்தது என்று ஏடு சொல்லும். பெயர்த்தவர் காவலரோ கள்வரோ என்று அது சொல்லாது. விடுதிப் பலகையில் ஒட்டிய கணக்கிற்கும் இதற்கும் இவ்வகையில் வேற்றுமை சிறிதும் இல்லை.

எம் பணி நிரல் எழுதுவதன்று. திட்டத்தின் உறுப்பினர்க்கு அறிவிப்பு எழுதுவதும், அவர்கள் கேள்விகளுக்கு விடை தருவதுமே எமக்கு இட்ட வேலை. பல தேசத்தார் அதில் நாணயம் வாங்கி வைத்திருந்தனர். தமிழ்நாட்டிலும் சிலர் இருந்தனர். அவருள் ஒருவர் விடுதியில் எமக்கு மூத்தவர். இன்று ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். விடுதி நாள் முதலாக அவரை யாம் அண்ணன் என்றே அழைத்து வருகின்றோம். யாம் அத்திட்டத்தில் இருக்கின்றோம் என்னும் ஒரே காரணம் பற்றி, மகளின் கல்லூரிப் படிப்பிற்கென்று சேர்த்த தொகையில் ஒரு பகுதியை அவர் அதில் இட்டார். வேண்டாம் என்று தடுக்கவும் யாம் துணியவில்லை. போடுங்கள் என்று சொல்லவும் இல்லை. அவ்வாறு வாளாவிருந்ததே எம் முதற்பிழை என்று இப்பொழுது தோன்றுகின்றது.

ஒருநாள் மாலை எம் நிரலாசிரியர் இருவர், உறுப்பினர் வைப்புப் பணத்தைக் காக்கும் நிரலில் ஒரு துளை இருப்பதைக் கண்டனர். கள்வன் எவனேனும் அதனை அறிந்தால் பொதுநிதி முழுவதையும் ஒரே மணி நேரத்தில் வாரிச் செல்லலாம். அவர்கள் செய்தது சரியான செயலே. நிதி முழுவதையும் உடனே வேறொரு முகவரிக்கு மாற்றினர். அதனைத் திறக்க ஐவர் சாவிகளுள் மூன்று கூடவேண்டும் என்று காவலும் வைத்தனர். எம்மை அழைத்து அறிவிப்பு எழுதச் சொன்னார்கள். நிரலில் ஒரு குறை காணப்பட்டது, பணம் காவலான இடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது, விவரம் பின்னர் வரும் என்று யாம் ஒரு வரைவு எழுதினோம். திட்டத்தின் தலைவர் அதனை ஒப்பவில்லை. குறை உண்டு என்று சொல்வதே கள்வனுக்கு வழிகாட்டுவதாகும் என்றார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. முடிவில், வழக்கமான பராமரிப்பு வேலை நடைபெறுகின்றது, உறுப்பினர் பணம் அதே இடத்தில் பத்திரமாக உள்ளது என்று எழுதி, அதன்கீழ் எம் பெயரையும் இட்டு வெளியிட்டோம். பணம் அதே இடத்தில் இல்லை என்பது எழுதும்போதே எமக்குத் தெரியும்.

ஏடு திறந்திருக்கின்றது என்று பெருமை பேசியோர் யாமே அல்லவா? ஒரு மணி நேரம் ஆவதற்குள் உறுப்பினர் ஒருவர் ஏட்டைப் பார்த்துவிட்டார். நிதி முழுவதும் பெயர் தெரியாத ஒரு முகவரிக்குப் போயிருக்கின்றது, அறிவிப்போ அது அதே இடத்தில் இருக்கின்றது என்று கூறுகின்றது என இரண்டையும் அருகருகே வைத்து எல்லார்க்கும் காட்டினார். பொய் ஒன்றைக் கண்டவர் களவையும் ஊகிப்பது இயல்பு. நாணயத்தை விற்பார் பெருகினர், விலை சரிந்தது.

இரவு பதினொரு மணியளவில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பணம் இருக்கிறதா, போய்விட்டதா? ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார். உண்மை உரைப்பது கட்டளையை மீறுவதாகும். பொய்யை வாயாற் கூறவும் எமக்கு நா எழவில்லை. அறிவிப்பைப் பாருங்கள் அண்ணா என்று மட்டும் சொன்னோம். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "சரி தம்பி, தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றிரவே தம் நாணயம் அனைத்தையும் பாதி விலைக்கும் குறைவாக விற்றார் என்பதைப் பின்னர் அறிந்தோம்.

ஒன்பது நாள் கழித்துத் துளை அடைக்கப்பட்டது. நிதி ஒரு காசும் குறையாமல் பழைய இடத்திற்கு மீண்டது. கள்வன் வரவேயில்லை. உண்மையான அறிக்கையும் அன்று வெளியாயிற்று. விலையும் பெரும்பகுதி ஏறிற்று. துளையினால் இழந்தவர் ஒருவரும் இலர். இழந்தோர் அனைவரும் எம் அறிவிப்பினாலேயே இழந்தனர். அண்ணனின் நஷ்டத்தை எம் சம்பளத்திலிருந்து ஈடுசெய்ய முன்வந்தபோது அவர் மறுத்தார். மகளின் கட்டணத்திற்கு ஆசிரியர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் எடுத்தார். "பணம் போனது போகட்டும் தம்பி. சொல்லக் கூடாத விஷயம் என்றால், சொல்லக் கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். அதுபோதும், நான் விற்றிருக்க மாட்டேன்" என்றார். அச்சொல் எம்மை வருத்தியதுபோல எவ்வசையும் வருத்தியதில்லை.

அதன்பின் யாம், எம்மினும் பெரிய திட்டத்தார் இத்தகைய இடர்களில் எங்ஙனம் நடந்தனர் என்று தேடிப் படிக்கலானோம். 2013 மார்ச் 11, 12 ஆகிய நாட்களில் பிட்காயினுக்கு நேர்ந்தது அவற்றுள் தலையாயது. அந்நிரலின் 0.8 என்னும் புதிய பதிப்பைக் கொண்ட கணினிகள் ஒரு பெரிய கட்டை ஏற்றன. பழைய பதிப்பைக் கொண்டவை, தம் தரவுத்தளத்திலிருந்த ஒரு வரம்பு காரணமாக, அதனை ஏற்க மாட்டாது மறுத்தன. ஒரே பேரேடு இரண்டாகப் பிளந்து, இரண்டும் தனித்தனியே வளரத் தொடங்கின. எது மெய்யான ஏடு என்று எவர் தீர்ப்பது? நிரலாசிரியரும் கட்டுக்களை உண்டாக்குவோரும் எவரும் நுழைந்து பார்க்கக்கூடிய ஓர் உரையாடல் அறையிலே கூடினர். புதிய பதிப்பு இரண்டு ஏட்டையும் ஏற்கும், பழையதோ ஒன்றையே ஏற்கும். ஆதலின் பழையதன் பக்கம் திரும்புவதே எல்லாரையும் ஒன்று சேர்க்கும் வழி என்று அங்கேயே வழக்காடித் துணிந்தனர். கட்டுக்களை உண்டாக்கும் பெருங்குழுவொன்று, புதிய ஏட்டில் தான் ஈட்டிய ஊதியம் வீணாகும் என்று அறிந்தும், பழைய பதிப்பிற்கு மாறிற்று. சில மணி நேரத்தில் பிளவு தீர்ந்தது. நேர்ந்தது யாது, காரணம் யாது, தாம் செய்த தவறு யாது என்பவற்றை விளக்கும் அறிக்கையும் பின்னர்ப் பொது ஆவணமாக வெளியிடப்பட்டது. அன்று முடிவு செய்தோர் மிகச் சிலரே. ஆயினும் அவர்கள் பேசியதை யாவரும் கேட்க முடிந்தமையால், பிறர் அம்முடிவை ஏற்றுக்கொண்டனர்.

இதற்கு மாறானது 2016-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. எத்தீரியம் என்னும் பிளாக்செயினின்மேல் "தி டாவோ" என்றொரு பொதுநிதி, நிரலினாலேயே ஆளப்படும்படி அமைக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற்குள் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் நாணயம் அதிற் சேர்ந்தது. இத்தகைய நிரல்களில் ஒருவன் பணம் எடுக்கும்போதே, கணக்குத் திருத்தப்படுவதற்கு முன், மீண்டும் மீண்டும் எடுக்க வழியுண்டு என்று ஜூன் மாதத் தொடக்கத்தில் அறிஞர் சிலர் வெளிப்படையாக எச்சரித்தனர். ஜூன் 12-இல் அந்நிரலை ஆக்கிய நிறுவனத்தாருள் ஒருவர், நிதிக்கு அபாயம் இல்லை என்று அறிவித்தார். ஐந்தே நாளில், ஜூன் 17-இல், அதே துளை வழியாகச் சுமார் 36 இலட்சம் ஈத்தர் வெளியேறிற்று. அவர் அறிந்து பொய் உரைத்தார் என்று யாம் சொல்லவில்லை. ஆராய்ந்து முடிக்குமுன் ஆறுதல் கூற விரைந்தார் என்றே கருதுகின்றோம். ஏட்டைத் திருத்திப் பணத்தை மீட்பதா, எழுதியதை எழுதியபடியே விடுவதா என்று ஒரு மாத காலம் வழக்கு நடந்தது. நாணயமுடையோரிடையே நடத்திய வாக்கெடுப்பிற் கலந்துகொண்டோர் மிகச் சிறு பகுதியினரே. ஜூலை 20-இல் திருத்தம் செய்யப்பட்டது. அதனை ஒப்பாதார் பழைய ஏட்டையே தொடர்ந்து நடத்தினர். அது எத்தீரியம் கிளாசிக் என்னும் பெயரால் இன்றும் தனியே வழங்குகின்றது.

இவ்விடத்து ஒரு தடை எழும். எல்லாவற்றையும் உடனுக்குடன் சொல்லிவிட்டால் கள்வனுக்கும் அது தெரியாதோ? எம் தலைவர் கூறியதும் இதுவே அன்றோ? இத்தடை எளிதாகத் தள்ளத்தக்கதன்று. எத்தீரியத்தில் மிகப் பலர் வழங்கும் கெத் என்னும் நிரலின் ஆசிரியர்கள், தம் நிரலில் ஒரு குறை கண்டு, அதனை 2020-ஆம் ஆண்டின் நடுவில் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு புதிய பதிப்பிலே திருத்தி வைத்தனர். சொன்னால், எல்லாரும் மாறுமுன் பகைவர் அதனைப் பயன்படுத்துவர் என்பதே அவர் கருத்து. திருத்தம் உள்ளது என்று அறியாதார் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டனர். பல செயலிகளுக்கு ஆதாரமான இன்ஃபியூரா என்னும் சேவையும் அவற்றுள் ஒன்று. நவம்பர் 11-இல் அக்குறை தூண்டப்படவே, பழைய பதிப்பினர் ஏடு வேறு, புதிய பதிப்பினர் ஏடு வேறு ஆயிற்று. பல செயலிகள் சில மணி நேரம் நின்றுபோயின. நாணயச் சந்தைகள் சிலவும் ஈத்தர் கொடுத்தலை நிறுத்தி வைத்தன.

அடுத்த ஆண்டில் அதே ஆசிரியர்க்கு அதே வகையான சோதனை மீண்டும் வந்தது. இம்முறை அவர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். கடுமையான குறையொன்று உள்ளது, அஃது இன்னதென்று இப்பொழுது சொல்ல இயலாது, ஆகஸ்டு 24-இல் திருத்திய பதிப்பு வரும், அனைவரும் ஆயத்தமாக இருங்கள் என்று 2021 ஆகஸ்டு 18-ஆம் நாளே அறிவித்தனர். சொன்ன நாளிற் பதிப்பும் வந்தது. மூன்று நாளில், 27-ஆம் தேதி, ஒருவர் அக்குறையைத் தூண்டினார், பிளவும் உண்டாயிற்று. ஆயினும் கட்டுக்களை உண்டாக்குவோரிற் பெரும்பாலார் முன்னரே மாறிவிட்டமையால், முதன்மையான ஏடு தன்போக்கிலே சென்றது. அண்ணன் எம்மிடம் தொலைபேசியிற் கேட்டது இது ஒன்றே என்பதை இதனைப் படித்தபோது உணர்ந்தோம். இரகசியத்தைக் காப்பது ஒன்று. இரகசியம் உண்டு என்பதையே மறைப்பது மற்றொன்று. முன்னது சிலபோது கடமையாகும். பின்னது, ஏடு திறந்துள்ள இடத்தில், நெடுநேரம் நிலைப்பதும் இல்லை.

பிட்காயின் கோர் என்னும் நிரலின் ஆசிரியர்களும் 2024 ஜூலையில் இவ்வகையான ஒழுங்கை மேற்கொண்டனர். பழைய குறைகளைத் தாங்கள் போதிய அளவு வெளியிடாமையால், தங்கள் நிரலிற் குறையே இல்லை என்னும் தவறான எண்ணம் பரவிவிட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டனர். சிறு குறைகளைத் திருத்தம் வெளிவந்த இரண்டு வாரத்திலும், பெரியவற்றை அக்குறையுள்ள பதிப்புக்கள் வழக்கொழிந்த பின்னும் வெளியிடுவது என்று வரையறை செய்தனர். மறைத்து வைத்தற்கும் ஒரு கால எல்லை உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் இதன் சிறப்பு.

இவற்றைக் கற்றபின், எம் திட்டத்தில் சில விதிகளை ஏற்படுத்துமாறு யாம் வேண்டினோம். நல்லவேளையாக, தலைவரும் அந்த ஒன்பது நாட்களை மறந்திலர். பொதுநிதி எக்காரணம் பற்றியும் இடம்பெயருமாயின், அம்முகவரி எவருடையது, ஏன் பெயர்ந்தது என்பவற்றை அதே மணி நேரத்தில் எழுதிவிட வேண்டும் என்பது முதல் விதி. இடர் நேர்ந்தால், எமக்குத் தெரிந்தது, எமக்கு இன்னும் தெரியாதது, மறுபடியும் யாம் பேசும் நேரம் என்னும் மூன்றும் முதல் அறிவிப்பிலேயே இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. அந்த நேரம் வரும்போது புதிய செய்தி இல்லையாயினும், இல்லை என்று சொல்லவாவது வருதல் வேண்டும். சொல்லத் தகாதது இருப்பின், அஃது உண்டு என்பதையும் எந்நாள் வரை மறைக்கப்படும் என்பதையும் உரைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. மாதந்தோறும் பொதுநிதிக் கணக்கைக் காரணங்களோடு எழுதுவதும், அதில் எம் சம்பளத்தையும் தலைவர்கள் வைத்திருக்கும் நாணயத்தையும் சேர்ப்பதும் நான்காவது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை உறுப்பினரோடு வாய்மொழியாகப் பேசி, அதன் குறிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிட்டு, விடை தரப்படாத கேள்விகளை எண்ணிட்டு, விடை வரும்வரை அப்பட்டியலிலேயே நிறுத்தி வைப்பது ஐந்தாவது.

ஐந்தாவது விதியை எமக்கு அளித்தவர் அண்ணனே. அவர் தம் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருப்பவர். "எங்கள் சங்கத்தில் ஐந்தொகையை அச்சடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுகிறோம். ஆனாலும் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று வாசித்தே ஆகவேண்டும். வாசிக்கிறவர் முகத்தைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்" என்று அவர் ஒருமுறை கூறினார். எம் கூட்டங்களில் முகம் தெரிவதில்லை. குரல் மட்டுமே கேட்கும். ஆயினும், கேட்ட கேள்விக்கு ஒருவர் சிறிது தயங்கி, பின்பு "இதை நாங்கள் கவனிக்கவில்லை, தவறுதான்" என்று சொல்வதைக் கேட்பதற்கும் அதே சொற்களை அச்சிற் படிப்பதற்கும் உள்ள வேற்றுமையை உறுப்பினர் நன்கு அறிந்துகொண்டனர்.

இவ்விதிகளால் எல்லாம் இனிதாயிற்று என்று சொல்லி அன்பர்களை ஏமாற்ற யாம் விரும்பவில்லை. தொடக்கத்தில் யாம் எழுதிய அறிவிப்புக்கள் நீண்டு, படிப்பார் இன்றிக் கிடந்தன. சுருக்கி எழுதக் கற்க அரையாண்டு ஆயிற்று. விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் கேட்போர்க்கு விடை தர இயலாது என்று மறுத்து, அவர் பகையையும் தேடிக்கொண்டோம். ஒருமுறை சொன்ன நேரத்திற்கு இரண்டு மணி நேரம் தாழ்த்து வந்தமையால் கடுமொழி பல கேட்டோம், அது தக்கதே. ஓராண்டின் பின் மற்றொரு குறை காணப்பட்டபோது, இன்ன நாள்வரை விவரம் சொல்ல இயலாத ஒரு விஷயம் உளது என்று முன்னரே அறிவித்தோம். அப்போதும் சிலர் அஞ்சி விற்றனர். விலை சிறிது இறங்கிற்று. ஆயினும் எம்மைக் கள்வர் என்று ஒருவரும் சொல்லவில்லை. எம் உறுப்பினருள் நிரல் அறிந்த இருவர், தங்களால் ஆகும் உதவி உண்டோ என்று கேட்டு எழுதினர். முதல் முறை அத்தகைய கடிதம் ஒன்றேனும் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அண்ணன் மட்டும் மறுபடியும் நாணயம் வாங்கவில்லை. யாம் வாங்கச் சொல்லவும் இல்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவ அன்பர்களிற் சிலர் நாளை இத்தொழிலுக்கு வரக்கூடும். வாராதாரும் ஒரு சங்கத்தின் பொருளாளராகவோ, ஓர் அலுவலகத்தின் கணக்கராகவோ, இவ்விடுதியின் உணவுச் செயலாளராகவோ பிறர் பணத்தைக் கையாள நேரும். கணக்கைத் திறந்து வையுங்கள், அது இன்றியமையாதது. அதனோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பலகையின் முன் கூட்டம் கூடும்போது அருகே சென்று நில்லுங்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும், சொல்லலாகாததைச் சொல்லலாகாது என்றும் வாய்திறந்து கூறுங்கள். இம்மூன்றனுள் எதனைக் கூறுதலும் இழிவன்று.

அண்ணன் இன்றும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பார். வீட்டுச் செய்தி, பள்ளிச் செய்தி பேசுவார். எம் திட்டத்தைப் பற்றிச் சிலபோது வினவுவார். அப்பொழுதெல்லாம் யாம் எவ்வறிவிப்பையும் காட்டுவதில்லை. எம் வாயாலேயே விடை சொல்கின்றோம்.